கராத்தே கிளப் கிராஃபில் ரேண்டம் வாக்: 0.1090 வரவேண்டிய இடத்தில் 0.1039, வெப்ப விரவலோ வெடிக்கிறது

தேன்கூடு:

ஜாக்கரியின் கராத்தே கிளப் கிராஃப்: ஒரு கிளப்பில் யார் யாரோடு பழகுகிறார்கள் என்ற வரைபடம். 34 கணுக்கள் (ஆட்கள்), 78 இணைப்புகள் (உறவுகள்). நெட்வொர்க்எக்ஸ் என்ற பைதான் நூலகத்தில் தயாராக இருப்பதையே எடுத்து நம்பை (NumPy) அணியாக மாற்றி, ஒவ்வொரு வரிசையையும் அதன் கூட்டுத்தொகையால் வகுத்து மாறுதல் அணி செய்திருக்கிறேன். 1ஆம் கணுவில் தொடங்கி, ஒவ்வொரு அடியிலும் ஓர் அண்டைக் கணுவுக்குத் தற்செயலாகத் தாவும் ரேண்டம் வாக், 200 அடி.

திசையில்லாத கிராஃபில் நிலைப் பரவல் (நீண்ட நடைக்குப் பின் ஒவ்வொரு கணுவிலும் இருக்கும் நிகழ்தகவு) என்பது டிகிரி (கணுவின் இணைப்பு எண்ணிக்கை) ÷ (2 × இணைப்புகள்). 34ஆம் கணுவின் டிகிரி 17, ஆக 17 ÷ 156 = 0.1090 வரணும். வருவது 0.1039. 1ஆம் கணுவுக்கு 16 ÷ 156 = 0.1026 வரணும், வருவது 0.0909. 2000 அடி ஓட்டினாலும் இதே எண்கள்தான். மொத்தக் கூட்டு மட்டும் சரியாக 1.

இன்னொன்று. அதே அணியில் இருந்து லாப்லாசியன் (டிகிரி அணியில் இருந்து இணைப்பு அணியைக் கழித்தது) எடுத்து, நேரத்தைச் சிறு இடைவெளிகளாக வெட்டும் ஆய்லர் முறையில் வெப்ப விரவல் ஓட்டினால், கால இடைவெளி 0.05-க்கே எண்கள் கூட்டல் கழித்தல் என்று மாறி மாறி வெடித்துப் போகின்றன. இரண்டுக்கும் ஒரே காரணமா?

(கணு எண்கள் ஜாக்கரியின் 1 முதல் 34 வரையிலானவை. நெட்வொர்க்எக்ஸில் ஒன்றைக் கழித்துக்கொள்ளவும்.)

பனையோலை:

0.1039-ஐ 462-ஆல் பெருக்குங்க, 48 வரும். 0.0909-ஐப் பெருக்கினா 42. அதாவது உங்க அணி 0, 1 அணி இல்லை, எடை போட்ட அணி.

ஜாக்கரியோட 1977 கட்டுரையில ரெண்டு அணி இருக்கு. ஒண்ணு உறவு இருக்கா இல்லையான்னு சொல்றது. இன்னொண்ணு அந்த ரெண்டு பேர் எத்தனை விதமான இடங்கள்ல பழகுறாங்கன்னு எண்ணிப் போட்டது. நெட்வொர்க்எக்ஸ்ல இப்ப வர்ற கிராஃப்ல ரெண்டாவது அணியோட எண்களும் இணைப்புகள்ல எடையா ஏறியிருக்கு. மொத்த எடை 231, ரெண்டு மடங்கு 462.

சிக்கல் எங்கன்னா, டிகிரி கேக்குற ஃபங்ஷன் நீங்க சொல்லாத வரைக்கும் எடையைப் பாக்காது, 17-ன்னு சொல்லும். நம்பை அணியா மாத்துறது, லாப்லாசியன், பேஜ்ரேங்க் (கணுக்களைத் தரவரிசைப்படுத்துறது) மூணும் நீங்க சொல்லாமலே எடையை எடுத்துக்கும். ஒரே கிராஃபை ரெண்டு கண்ணால பாக்குற மாதிரி ஆயிடும். எடை வேண்டாம்னா அணியா மாத்துறப்பவே எடை அளவுருவுக்கு None-னு கொடுங்க. வேணும்னா டிகிரிக்கும் எடையைச் சொல்லிக் கொடுங்க. ரெண்டுல எதுவும் தப்பில்லை, கலக்குறதுதான் தப்பு.

வெப்பக்கடத்தி:

வெடிப்புக்கும் அதே எடைதான் காரணம். விவரம் இது.

ஆய்லர் முறையில் ஒவ்வொரு ஐகன் திசையும் (அணியால் பெருக்கினால் திசை மாறாமல் ஐகன் மதிப்பு மடங்காக மட்டும் ஆகும் திசையன்) ஒரு சுற்றுக்கு (1 − இடைவெளி × ஐகன் மதிப்பு) என்ற காரணியால் பெருக்கப்படுகிறது. அதன் அளவு 1-ஐத் தாண்டினால் வெடிக்கும். ஆகவே இடைவெளி, 2 ÷ (லாப்லாசியனின் மிகப்பெரிய ஐகன் மதிப்பு) என்பதற்குக் கீழே இருக்க வேண்டும்.

எடையில்லாத கராத்தே கிராஃபில் அந்த ஐகன் மதிப்பு 18.137, வரம்பு 0.1103. உங்கள் 0.05 தாராளமாகத் தாங்கியிருக்கும். எடையுள்ள கிராஃபில் மிகப்பெரிய ஐகன் மதிப்பு குறைந்தது 48 × 34 ÷ 33 = 49.45 இருந்தே தீரும். வரம்பு 0.0404-க்குக் கீழே போய்விடுகிறது. 0.05-இல் ஒவ்வொரு சுற்றிலும் பிழை குறைந்தது 1.47 மடங்கு பெருகும், குறியும் மாறும். நீங்கள் பார்த்த கூட்டல் கழித்தல் ஆட்டம் அதுதான்.

ஐகன் மதிப்பைக் கணக்கிடாமலே பாதுகாப்பான எல்லை வேண்டுமென்றால் 1 ÷ (உச்ச டிகிரி). இந்த எல்லைக்குள் வேறொரு நன்மையும் உண்டு. எடையில்லாத கிராஃபில் 0.1 வெடிக்காது. ஆனால் 34ஆம் கணுவில் 1 வைத்துத் தொடங்கினால் முதல் சுற்றிலேயே அங்கே 1 − 0.1 × 17 = −0.7 ஆகிவிடும். கடைசியில் சரியான விடைக்கு வந்து சேரும் என்றாலும் நடுவில் எதிர்மறை வெப்பம். 1 ÷ 17 = 0.0588-க்குள் இருந்தால் எந்தச் சுற்றிலும் எதிர்மறை வராது.

0.11 போட்டவர்களுக்கு இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. காரணி −0.995. வெடிக்காது, அடங்கவும் அடங்காது. 100 சுற்றுக்குப் பிறகும் அந்த ஆட்டத்தில் 61 விழுக்காடு மீதி இருக்கும். இதை "நெட்வொர்க்கின் அலைவு" என்று படம் போட்டு விளக்கியவர்களும் உண்டு.

தேன்கூடு:

எடையை நீக்கியதும் 0.1090, 0.1026 இரண்டும் வந்துவிட்டன. 0.05-இலும் வெடிப்பு இல்லை. நன்றி.

ஆனால் வெப்ப விரவல் முடிவில் எல்லாக் கணுவிலும் 0.0294 நிற்கிறது. அதாவது 1 ÷ 34. ரேண்டம் வாக்கோ டிகிரிக்கு ஏற்றபடி நிற்கிறது. விரவல் என்பது ரேண்டம் வாக்கின் தொடர்கால வடிவம் என்றுதானே படித்தோம்? அப்படியென்றால் இரண்டும் ஒரே இடத்தில் முடிய வேண்டாமா?

நடைவண்டி:

இரண்டு வெவ்வேறு நடைகளுக்கு ஒரே பெயர் இருப்பதால் வரும் குழப்பம். கடிகாரம் யார் கையில் என்பதுதான் கேள்வி.

முதல் வகையில் கடிகாரம் கணுவிடம். எந்தக் கணுவில் நின்றாலும் அலகு நேரத்துக்குச் சராசரியாக ஒரு தாவல், அண்டைக் கணுக்களில் ஒன்றைச் சமவாய்ப்பில் தேர்ந்துகொள்ளும். அணி: அலகு அணியில் இருந்து மாறுதல் அணியைக் கழித்தது. முடிவு டிகிரிக்கு விகிதமாக. உங்கள் அடி-அடியான நடையின் உண்மையான தொடர்கால வடிவம் இதுதான்.

இரண்டாம் வகையில் கடிகாரம் இணைப்பிடம். ஒவ்வொரு இணைப்பும் அலகு நேரத்துக்கு ஒரு தடவை என்ற வீதத்தில் திறக்கும். பதினேழு வாசல் உள்ள வீட்டில் யாரும் அதிக நேரம் தங்க மாட்டார்கள். உள்ளே வருவதும் பதினேழு மடங்கு, வெளியே போவதும் பதினேழு மடங்கு. இரண்டும் அடித்துக்கொண்டு போக, எல்லாக் கணுவும் சமம். அணி: டிகிரி அணியில் இருந்து அட்ஜசென்சி (இணைப்பு) அணியைக் கழித்தது. நீங்கள் ஓட்டிய வெப்ப விரவல் இந்த வகை.

வேகத்தை ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். முதல் வகையில் சுழியத்துக்கு அடுத்த ஐகன் மதிப்பு 0.132, தளர்வு நேரம் (முடிவு நிலையில் இருந்து விலகல் தணியும் கால அளவு, 1 ÷ ஐகன் மதிப்பு) சுமார் 7.6. இரண்டாம் வகையில் 0.4685, தளர்வு நேரம் 2.13. இதைப் பார்த்து "வெப்ப விரவல் மூன்றரை மடங்கு வேகம்" என்று எழுதினால் அபத்தம். அங்கே அலகு நேரத்துக்குச் சராசரி 156 ÷ 34 = 4.59 தாவல்கள் நடக்கின்றன. தாவல் கணக்கில் பார்த்தால் 2.13 × 4.59 = 9.8. அதாவது இணைப்புக் கடிகார நடைதான் இங்கே மெதுவானது.

கரிசல்:

அப்போ எதைப் பயன்படுத்தணும்? "ரெண்டும் சரி"ன்னு சொல்லிட்டுப் போறதுல பயன் இல்லையே.

நடைவண்டி:

ஓடுவது என்ன பொருள் என்பதைப் பொறுத்தது. குழாயில் தண்ணீர், கம்பியில் வெப்பம், மூளைப் பகுதிகளுக்கிடையே நரம்பு நார் வழியே பரவும் புரதம்: இணைப்பின் கடத்தும் திறன்தான் வீதத்தைத் தீர்மானிக்கிறது. இணைப்பு கூடினால் ஓட்டம் கூடும். இணைப்புக் கடிகாரம் சரி.

இணையப் பக்கத்தில் சொடுக்கிக்கொண்டே போகும் ஆள், ஒரு நேரத்தில் ஒரே தேர்வு செய்பவர். பக்கத்தில் 5 சுட்டி இருந்தாலும் 500 இருந்தாலும் அவர் சொடுக்கும் வேகம் மாறாது. கணுக் கடிகாரம்.

நோய்த்தொற்று இந்த இரண்டிலும் சேராது. தொற்றியவர் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுத் தான் குணமாகிவிடுவதில்லை. மொத்த அளவு மாறாமல் இருக்கும் செயல்முறைகளுக்குத்தான் லாப்லாசியன். தொற்று பெருகக்கூடியது, அங்கே ஆட்சி செய்வது அட்ஜசென்சி அணியின் மிகப்பெரிய ஐகன் மதிப்பு. கராத்தே கிராஃபில் அது 6.726. குணமானவர் மீண்டும் தொற்றுக்கு ஆளாகும் மாதிரியில் பரவல் வீதத்தைக் குணமாகும் வீதத்தால் வகுத்தது 1 ÷ 6.726 = 0.149-ஐத் தாண்டினால் தொற்று நிலைக்கும் என்பது தோராயக் கணக்கு. 34 பேர் கொண்ட சின்ன கிராஃபில் தற்செயலாக அணைந்துபோவதும் நடக்கும் என்பதால் இதைக் கறாரான கோடாக எடுக்க வேண்டாம். வதந்திக்கும் இதே எச்சரிக்கை. வதந்தியை வெப்பம் போலப் பரவவிட்டு எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் முதல் பக்கத்திலேயே மூடிவிடலாம்.

பனையோலை:

தேன்கூடு கேக்கலை, ஆனா இந்தத் தலைப்புல வர்றவங்க பாதிப் பேர் இதுலதான் மாட்டுவாங்க: பெருக்கும் பக்கம்.

வரிசைக் கூட்டு 1 ஆகுற மாதிரி அணி செஞ்சா, பரவலை இடப்பக்கம் வரிசையா வச்சுப் பெருக்கணும். பழக்கதோஷத்துல அணியை முன்னாடி வச்சு நெடுவரிசையைப் பெருக்கினா நடக்கிறது நடையே இல்லை. ஒவ்வொரு கணுவும் அண்டைக் கணுக்களோட சராசரியை எடுத்துக்குது. டிகுரூட் 1974-ல சொன்ன கருத்தொற்றுமை மாதிரி அது. 34ஆம் கணுவுல 1 வச்சு ஓட்டினா கடைசியில எல்லாக் கணுவுலயும் 0.1090 நிக்கும். எண் பழக்கமானதா இருக்கறதால சரின்னு நினைச்சிடுவாங்க. கூட்டிப் பாத்தா 3.7 வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டு 1-ஆன்னு பாக்குற ஒரு வரி நிரல்ல இருந்தா முதல் சுற்றுலயே மாட்டும்.

வெப்பக்கடத்தி:

அதோடு இரட்டைப் பிரிவு கிராஃப்: கணுக்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, இணைப்புகள் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு மட்டுமே போகும். பயனர்–பொருள் பரிந்துரை கிராஃப், ஆசிரியர்–கட்டுரை கிராஃப் எல்லாம் இந்த ரகம். பயனரிடம் தொடங்கினால் இரட்டைப்படை அடியில் பயனர் பக்கம், ஒற்றைப்படை அடியில் பொருள் பக்கம். எத்தனை ஆயிரம் அடி போனாலும் நிலைக்காது, ஏனெனில் −1 ஐகன் மதிப்பாக இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் பாதி நிகழ்தகவில் நின்ற இடத்திலேயே நிற்கவிட்டால் தீர்ந்தது; வேகம் ஏறத்தாழ பாதியாகும். கராத்தே கிராஃபில் முக்கோணங்கள் நிறைய இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே இரண்டாவது ஐகன் மதிப்பு 0.868, 33 அடியில் பிழை நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 200 அடி தேவையே இல்லை.

கரிசல்:

எனக்கு வேண்டியது மாதிரியெடுப்பு. முழு நெட்வொர்க்கும் கையில் இல்லை, நண்பர் பட்டியலை ஒன்றொன்றாகக் கேட்டுத்தான் நகர முடியும். நடந்துபோய் சராசரி டிகிரி கணக்கிட்டால் எப்போதும் அதிகமாகவே வருகிறது. மெட்ரோபோலிஸ்–ஹேஸ்டிங்ஸ் போட்டுச் சரிசெய்வதா, நடந்த பிறகு எடைபோட்டுச் சரிசெய்வதா?

நடைவண்டி:

பிறகு எடைபோடுங்கள்.

கராத்தே கிராஃபிலேயே காட்டுகிறேன். உண்மையான சராசரி டிகிரி 156 ÷ 34 = 4.59. நடை டிகிரிக்கு ஏற்ப கணுக்களைத் தொடுவதால் அது காணும் சராசரி, டிகிரிகளின் வர்க்கக் கூட்டை டிகிரிகளின் கூட்டால் வகுத்தது: 1212 ÷ 156 = 7.77. இந்த அளவுக்கு மேல்நோக்கிய சாய்வு. திருத்தம் எளிது. தொட்ட ஒவ்வொரு கணுவின் மதிப்பையும் அதன் டிகிரியால் வகுத்துக் கூட்டுங்கள். 1 ÷ டிகிரி என்பதையும் தனியாகக் கூட்டுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் சாய்வு நீங்கும்.

மெட்ரோபோலிஸ்–ஹேஸ்டிங்ஸ் முறையில், நிற்கும் கணுவின் டிகிரியைப் போகவிருக்கும் கணுவின் டிகிரியால் வகுத்த நிகழ்தகவில்தான் தாவலை ஏற்க வேண்டும் (1-க்கு மேல் போனால் 1). கொள்கையளவில் சமப் பரவல் கிடைக்கும். ஆனால் 12ஆம் கணுவைப் பாருங்கள். அதற்கு ஒரே அண்டை, 16 டிகிரி உள்ள 1ஆம் கணு. உள்ளே போனால் வெளியே வரச் சராசரியாக 16 முயற்சி. அத்தனை முறையும் அதே கணு மாதிரியில் பதியும். டிகிரி ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள சமூக நெட்வொர்க்குகளில் இந்த ஒட்டல்தான் மாதிரியின் பெறுமானத்தைத் தின்றுவிடும். 2010-இல் ஃபேஸ்புக்கில் இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்விலும் எடைபோடும் முறையே முந்தியது.

ஒரு எச்சரிக்கை: எடைபோடும்போது டிகிரி என்பது நடை உண்மையில் பயன்படுத்திய இணைப்புகளின் எண்ணிக்கை. பட்டியலை மறைத்துவைத்த நண்பர்களை நடையில் தவிர்த்துவிட்டு, முகப்புப் பக்கம் காட்டும் மொத்த நண்பர் எண்ணிக்கையால் வகுத்தால் வேறொரு சாய்வு நுழைந்துவிடும்.

தேன்கூடு:

அதே 12ஆம் கணுவைப் பற்றி ஒரு கேள்வி. 12-இல் இருந்து 1-ஐ அடைய ஒரே அடி. 1-இல் இருந்து 12-ஐ அடைய எனக்கு 155 வருகிறது. இவ்வளவு ஏற்றத்தாழ்வு நம்பத்தக்கதா?

வெப்பக்கடத்தி:

155 சரி. 12-க்குத் திரும்பும் சராசரி நேரம் 156 ÷ 1 = 156. அதில் முதல் அடி கட்டாயம் 1-க்கு. மீதி 155.

வேறு வழியிலும் சரிபார்க்கலாம். போய்வரும் நேரம் = 2 × இணைப்புகள் × விளைவு மின்தடை, ஒவ்வொரு இணைப்பையும் 1 ஓம் தடையாக வைத்து. 12-க்கும் 1-க்கும் நடுவே ஒரே கம்பி, தடை 1, ஆக 156. 1 + 155 பொருந்துகிறது. எடையுள்ள கிராஃபில் அந்த இணைப்பின் எடை 3 என்பதால் தடை 1 ÷ 3, போய்வரும் நேரம் 462 ÷ 3 = 154. எடை கூடினால் தடை குறையும், தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள்.

பெரிய கிராஃபில் இந்த நேரத்தைத் தூர அளவாக வைத்துக் குழு பிரிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கணுக்கள் பெருகி, அடர்த்தியும் கூடினால் போய்வரும் நேரம் 2 × இணைப்புகள் × (1 ÷ ஒரு முனையின் டிகிரி + 1 ÷ மறுமுனையின் டிகிரி) என்பதற்கு ஒடுங்கிவிடும் என்று ஃபான் லக்ஸ்பர்க் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். அதாவது இரு முனைகளின் டிகிரி மட்டும்தான் மிஞ்சும். நடுவில் உள்ள அமைப்பு பற்றி எந்தச் செய்தியும் இருக்காது. நம் குட்டி கிராஃபிலேயே 12–1 இணைக்கு அந்தச் சூத்திரம் 165.75 தருகிறது, உண்மை 156. இதுவே இவ்வளவு நெருக்கம் என்றால் பெரிய கிராஃபைச் சொல்லவே வேண்டாம்.

கரிசல்:

அப்போ குறிப்பிட்ட ஒரு கணுவைச் சுற்றி "யார் நெருக்கம்"னு கேக்குறதுக்கு?

பனையோலை:

மறுதொடக்கம் வச்ச நடை. ஒவ்வொரு அடியிலயும் குறிப்பிட்ட நிகழ்தகவுல தொடங்கின கணுவுக்கே திரும்பிடணும். கிராஃப் முழுக்க அலைஞ்சு டிகிரியில போய் முடியற வியாதி இதுல குறையும்.

ஆனா ஆல்ஃபான்னு எழுதியிருந்தா நம்பாதீங்க, என்னன்னு பாருங்க. நெட்வொர்க்எக்ஸ் பேஜ்ரேங்க்ல 0.85 ங்கிறது தொடர்ந்து நடக்கிற நிகழ்தகவு. பல கட்டுரைகள்ல ஆல்ஃபா மறுதொடக்க நிகழ்தகவு. மறுதொடக்கம் 0.15 ஆனா சராசரியா 6.67 அடிக்கு ஒரு தடவை வீடு திரும்புது. மாத்திப் போட்டு மறுதொடக்கம் 0.85 ஆயிட்டா 1.18 அடிக்கு ஒரு தடவை. பக்கத்து வீட்டைத் தாண்டாது. விடை "அண்டைக் கணுக்கள்தான் நெருக்கம்"னு வரும். கேக்கவும் நல்லா இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது.

தொடரும் நிகழ்தகவை ஏத்தினா சுற்றும் ஏறும். மோசமான நிலையில 0.85-க்குப் பிழையைப் பத்து லட்சத்துல ஒண்ணாக்க சுமார் 85 சுற்று. 0.99-க்கு சுமார் 1375. நெட்வொர்க்எக்ஸ் 100 சுற்றோட நிறுத்திட்டு, ஒடுங்கலைன்னு பிழை காட்டும்.

அப்புறம் டிகிரி சாய்வு முழுசாப் போயிடாது. புரத இடைவினை நெட்வொர்க்ல எந்த விதைக் கணுவுல தொடங்கினாலும் அதே நாலஞ்சு பெரிய கணுக்கள் மேல வந்து உக்காரும். டிகிரியால வகுத்தா ஒரே இணைப்புள்ள கணுக்கள் தலைக்கு மேல ஏறிடும். விதைகளோட டிகிரிக்கு ஒத்த டிகிரி உள்ள வேற கணுக்களைச் சமவாய்ப்புல எடுத்து, அதே நடையை 1000 தடவை ஓட்டி, உங்க மதிப்பெண் அதுல எங்க நிக்குதுன்னு பாருங்க. நேரம் பிடிக்கும், ஆனா நம்பலாம்.

நடைவண்டி:

கோடிக்கணக்கான கணுக்கள் இருந்தால் முழு அணியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆண்டர்சன், சுங், லாங் 2006-இல் தந்த தள்ளு முறை போதும்: ஒவ்வொரு கணுவிலும் மீதியை (இன்னும் பகிரப்படாத நிகழ்தகவை) கண்காணித்து, மீதி ÷ டிகிரி குறிப்பிட்ட எல்லையைத் தாண்டும் கணுவை மட்டும் தள்ளிக்கொண்டே போவது. வேலையளவு அந்த எல்லையையும் மறுதொடக்க நிகழ்தகவையும் மட்டுமே பொறுத்தது. கிராஃபின் அளவைப் பொறுத்ததில்லை. அவர்கள் நடை பாதி நிகழ்தகவில் நிற்கும் வகை, ஆகவே மறுதொடக்க எண்ணை உங்கள் நடைக்கு மாற்றிக்கொண்டு ஒப்பிடவும்.

வெப்ப விரவலுக்கு அணியின் முழு அடுக்குக்குறியைக் கணக்கிட வேண்டாம். அருகல் அணியாக (பெரும்பாலும் சுழியங்கள்) இருந்தாலும் அதன் அடுக்குக்குறி நிறைந்த அணியாகி நினைவகத்தை விழுங்கும். சைபையில் (SciPy) அடுக்குக்குறியை ஒரு திசையனோடு பெருக்கி நேரடியாகத் தரும் ஃபங்ஷன் உண்டு. இல்லையென்றால் பின்னோக்கிய ஆய்லர்: அலகு அணி + இடைவெளி × லாப்லாசியன் என்ற சமன்பாட்டுத் தொகுதியைக் கான்ஜுகேட் கிரேடியன்ட் முறையில் தீர்ப்பது. எவ்வளவு பெரிய இடைவெளிக்கும் வெடிக்காது, தீர்வு துல்லியமாக இருந்தால் எதிர்மறையும் வராது. இடைவெளி கூடினால் துல்லியம் குறையும், அவ்வளவுதான்.

தேன்கூடு:

அடுத்து திசையுள்ள மேற்கோள் கிராஃப். வரிசையை வகுக்கும்போதே எண்ணல்லாத மதிப்புகள் வருகின்றன.

பனையோலை:

யாரையும் மேற்கோள் காட்டாத கட்டுரைகள். வரிசைக் கூட்டு 0, அதால வகுக்கிறீங்க. 0-ன்னே விட்டா நடை அங்க போய் மாயமாயிடும், ஒவ்வொரு சுற்றுலயும் மொத்தம் குறையும். அந்த வரிசையை மறுதொடக்கப் பரவலாலயே நிரப்புங்க. தனக்குத்தானே இணைப்பு போட்டுடாதீங்க, எல்லாம் பழைய கட்டுரைகள்ல போய்த் தேங்கிடும். அணியில அப்படி நிரப்பினா அருகல் அணி நிறைஞ்ச அணியாயிடும்னு பயமிருந்தா, ஒவ்வொரு சுற்றுலயும் அந்தக் கணுக்கள்ல நிக்கிற மொத்தத்தைத் தனியா கூட்டி மறுதொடக்கப் பரவலோட பெருக்கிச் சேத்துடுங்க. அணியைத் தொடவே வேண்டாம்.